யானை இன்னும் பஸ் ஏறவில்லை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம். நீ நலமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. பதில் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒரு கேள்விதான். மற்றதெல்லாம் என் வாய் சும்மா இருக்காது என்பதால் எழுதுவது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவாய். கடைசியில் நான் என் பல்வலியைப் பற்றிப் பேசிவிட்டுப் போனை வைத்துவிடுவேன். காகிதத்திடம் உன் ஜம்பம் பலிக்காது. பல்வலி இப்போது தேவலை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. சமையலறைக் குழாய்தான் இன்னும் சொட்டுகிறது. நாளைக்கு வருகிறேன் என்று பிளம்பர் சொல்லி ஒரு மாதமாகிறது. அவருடைய நாளை இன்னும் விடியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உன் மனைவி ஒரு வீடியோ அனுப்பினாள். நீயும் என் பேத்தி வாண்டும் கைகோத்துக்கொண்டு உங்கள் கட்டடத்துப் படியில் ஏறி வருகிறீர்கள். ஊரில் உள்ள லிப்டையெல்லாம் பழுது பார்க்கிறவன் குடியிருக்கும் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நீ நின்று யானைக் கதை சொல்கிறாய். யானை பஸ்ஸுக்குக் காத்திருக்கிறது. தும்பிக்கைக்குத் தனியாக அரை டிக்கெட் எடுக்கணும் என்று கண்டக்டர் சட்டம் பேசுகிறார். வாண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். வீடியோவுக்குக் கீழே உன் மனைவி, "அப்படியே மாமா மாதிரி" என்று எழுதியிருந்தாள். உன் அப்பாவை அவள் பார்த்ததே இல்லை. நீ சொல்லிச் சொல்லியே பார்த்த மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு.

முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்திருந்தாள். தீய்ந்துபோன வாசனை வரும்வரை அவளை நான் விடவில்லை. இரண்டாம் தடவை பார்த்தபோது கதை என் காதில் விழவில்லை. உன் கையைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் முதலில் உன் கை கைப்பிடிக் கம்பியைத் தேடுகிறது. பிறகு வாயைக் கொஞ்சம் திறந்தபடி நிற்கிறாய். அதற்கப்புறம்தான் யானை வருகிறது. அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த யானை கடைசியில் பஸ் ஏறியதா, அப்பா என்ன முடிவு சொன்னார், வாண்டு தினமும் கேட்டுத் துளைக்கிறாள் என்று போனில் கேட்டிருந்தாய். சொல்கிறேன். அதற்கு முன்னால் உன் அப்பா படியில் ஏன் நின்றார் என்பதைச் சொல்ல வேண்டும்.

நம் பழைய வீடு நாலாவது மாடியில் இருந்தது. அவர் வேலை முடிந்து வருகிற நேரத்துக்கு நீயும் அக்காவும் கீழே போய் நிற்பீர்கள். கூடவே மற்ற வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ளும். ஏறத் தொடங்கினால் மேலே வந்து சேர அரைமணி நேரம் ஆகும். மூன்றாவது மாடிக் கணக்கு வாத்தியார் சத்தம் தாங்கவில்லை என்று கதவைத் திறந்துவைத்துக்கொண்டு திட்டுவார். கதவை மூடினால் சத்தம் குறையும் என்று அந்தக் கணக்குப் புலிக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. பாதிக் கதையில் உன் அப்பா அடுத்த மாடிக்கு நகர்ந்துவிட்டால், "அப்புறம்?" என்று வாத்தியாரே எட்டிப் பார்த்துக் கேட்டிருக்கிறார். மற்ற பிள்ளைகளுக்கு மாடிப்படி என்றால் கால்வலி. உங்களுக்கு அது கொண்டாட்டம்.

அவர் நின்றது கதைக்காக இல்லை, கண்ணா. மூச்சுக்காக.

அவருடைய இதயத் தசை தடித்துப்போயிருந்தது, அது உனக்குத் தெரியும். தலைமுறை வழியாக இறங்கி வருகிற கோளாறு என்று டாக்டர் சொன்னார். ஒரு மாடி ஏறினால் நெஞ்சை அடைக்கும், கண் இருட்டும். கொஞ்சம் நின்றால் தெளிந்துவிடும். ஒரு நாள் அப்படி நின்று புஸ் புஸ் என்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, அது என்ன சத்தம் என்று நீ கேட்டாய். உனக்கு அப்போது நாலு வயது இருக்கும். யானை ஒன்று பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடி வருகிறது, அதற்குத்தான் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிவிட்டார். அந்த யானை எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லையாம். அன்றிலிருந்து திருப்பத்துக்குத் திருப்பம் அது அவருக்குத் துணைக்கு வந்தது. தனக்கு வந்த பயத்தைப் பிள்ளைகளுக்குச் சிரிப்பாக மாற்றிக் கொடுத்த மனிதர் அவர். எத்தனை பேரால் அது முடியும், நீயே சொல்லு.

உனக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. அப்பாவுக்குப் பதவி உயர்வு கிடைத்து, பஸ் ஓட்டுவதை விட்டு பஸ் நிலையத்து மைக்குக்குப் போனார் என்றுதான் நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்தீர்கள். பதவியும் இல்லை, உயர்வும் இல்லை. சம்பளம் குறைந்ததுதான் மிச்சம். டாக்டர் சொன்ன அன்றைக்கே, யாரும் சொல்லாமல், அவராகவே டிப்போ மேனேஜர் முன்னால் போய் நின்றிருக்கிறார். மேனேஜர் தங்கமான மனிதர். கதவைச் சாத்திவிட்டு, இது நமக்குள்ளேயே இருக்கட்டும், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நீ பாட்டுக்கு வண்டியை ஓட்டு, யாருக்குத் தெரியப்போகிறது என்றாராம்.

"எனக்குத் தெரியுதே சார். எனக்குப் பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்குத்தான் தெரியாது."

இதைச் சொல்லிவிட்டுச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது அழுதார். பஸ் என்றால் அவருக்கு அவ்வளவு உயிர். ஓட்டுகிற சீட்டுக்கு அவரே ஒரு மெத்தை தைத்து வைத்திருந்தார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அவர் அழுததையும் மறைக்காமல் எழுதுகிறேன். அப்பா கல்லால் ஆனவர் என்று நினைத்துக்கொண்டு நீ வீம்பு பிடிக்கக் கூடாது பார். மறுநாள் முகத்தைக் கழுவி, தலையைப் படிய வாரிக்கொண்டு மைக் முன்னால் போய் உட்கார்ந்தார். மெத்தை அந்த நாற்காலிக்குப் போயிற்று.

அவருக்கு முன்னால் அங்கே இருந்தவர் பஸ் நம்பரைச் சொன்னால் ஆளை அடித்து விரட்டுகிற மாதிரி இருக்கும். உன் அப்பா ஒவ்வொரு அறிவிப்பையும் எப்படி முடிப்பார் என்பது உனக்கு மறந்திருக்காது. "யாரும் ஓட வேண்டாம். பஸ் நிக்கும். டிரைவர்கிட்ட நான் சொல்லியிருக்கேன்." உண்மையாகவே சொல்லியும் வைத்திருந்தார். பழைய கூட்டாளிகள் யாரும் அவர் பேச்சைத் தட்டவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்கள், மூட்டையோடு வருகிறவர்கள் எல்லாம் அந்தக் குரலைக் கேட்டதும் நடக்க ஆரம்பிப்பதை நானே நின்று பார்த்திருக்கிறேன்.

போன மாதம் பல் டாக்டரிடம் போகும்போது அந்த நிலையத்தில் பஸ் மாறினேன். இப்போது மைக்கில் ஒரு பெண் பேசுகிறாள். உன் அப்பா நம்மை விட்டுப் போனபோது அவள் பிறந்திருக்கக்கூட மாட்டாள். அவளும், "யாரும் ஓட வேண்டாம். பஸ் நிக்கும்" என்றுதான் முடிக்கிறாள். எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. வீங்கிய கன்னத்தோடு சிரித்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், அது என் வீட்டுக்காரர் சொன்ன வார்த்தை என்றேன். பல்வலியில் உளறுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, உட்கார இடம் கொடுத்தாள்.

அவர் நம்மை விட்டுப் போன அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உனக்குத் தெரியும். உன் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அதைத் திரும்பவும் எழுதப்போவதில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவர் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார்.

"எனக்கு ஏதாவது ஆயிட்டா பசங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லு. படியில நான் ஏன் நின்னேன்னு மட்டும் சொல்லாதே. அவங்களுக்குப் படிக்கட்டைக் கெடுத்துடாதே."

சரி என்று வாக்குக் கொடுத்தேன். சாவியை வைத்துவிட்டு வந்ததைச் சொன்னால் இதுவும் வெளியே வந்துவிடும் என்று அதையும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் காப்பாற்றியும் விட்டேன். என் வாயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். இன்றைக்கு அந்த வாக்கை மீறுகிறேன். அவர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். படிக்கட்டா பிள்ளையா என்று வந்திருந்தால் அவரும் இதைத்தான் செய்திருப்பார்.

நீங்கள் இருவரும் படிப்பை முடித்தபோது உங்களைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். அப்போது ஒன்றும் இல்லை. ஆனால் இது பிற்பாடும் தலைகாட்டலாம், சில வருஷத்துக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அக்கா காதில் வாங்கிக்கொண்டாள். நீ வாங்கவில்லை. நேற்று முன்தினம் அவள் போய்வந்தாள், நன்றாக இருக்கிறாள். உன் வீடியோவை அந்த டாக்டரிடம் காட்டச் சொன்னேன். வீடியோவை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஆளைப் போய்ப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம் என்றாராம். இப்போது மாத்திரை இருக்கிறது, நெஞ்சுக்குள் வைக்கிற சின்னக் கருவி இருக்கிறது, நேரத்தோடு தெரிந்தால் தலை நரைத்துப் பல் விழும்வரை இருக்கிறவர்கள் எத்தனையோ பேர் என்றும் சொன்னாராம். உன் அப்பாவிடம் அப்படிச் சொல்ல ஒரு ஆள் இல்லை. உனக்கு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். வெறும் தொப்பைகூடக் காரணமாக இருக்கலாம். வீடியோவில் அதுவும் தெரிந்தது.

நீ ஏன் டாக்டரிடம் போகாமல் நழுவுகிறாய் என்று உன் மனைவியிடம் கேட்டேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, அவள் மழுப்பத்தான் பார்த்தாள், நான்தான் தோண்டித் துருவி வாங்கினேன். ஏதாவது இருக்கிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டால் கம்பெனியில் லிப்டின் மேலே ஏற விடமாட்டார்கள், மேஜை வேலையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயமாமே உனக்கு. மேஜையில் உட்கார்ந்தவர் பிள்ளைதானே நீ. எங்கப்பா மைக்கில் பேசுகிறார் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவன்தானே. யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு நீ பள்ளிக்கூடத்தில் சொன்னதுதான் சரி. அது உயர்வுதான்; நான்தான் மேலே தப்பாக எழுதிவிட்டேன்.

லிப்டுக்குள் நிற்கிறவர்கள் உன் முகத்தைப் பார்த்ததில்லை. நீ முடுக்கிய திருகை நம்பி நிற்கிறார்கள். லிப்டின் கூரைமேல் ஏறி நின்று வேலை செய்யும்போது உனக்குக் கண் இருட்டினால் என்ன ஆகும் என்பதை என்னைவிட நீ நன்றாக அறிவாய். வீட்டில் இரண்டு பேர் உனக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். வாண்டுக்கு ஒன்றும் தெரியாது. உனக்குத் தெரியும், கண்ணா. இந்தக் கடிதத்துக்கு முன்பே உன் கைக்குத் தெரியும்.

இனி யானை. ஒரு நாள் நானும் அவரிடம் கேட்டேன், பாவம், அதை ஏற்றிவிடக் கூடாதா என்று. ஏறிவிட்டால் கதை முடிந்துவிடும், அப்புறம் நான் எங்கே நிற்பது என்று சிரித்தார். அதனால் முடிவு கிடையாது. அவர் போன பிறகு கணக்கு வாத்தியார்கூடத் தனியாக வந்து, யானை என்னம்மா ஆச்சு என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே படியிறங்கிப் போனார். அது இன்னும் அந்த நிறுத்தத்தில்தான் நிற்கிறது. ஏற்றிவிட வேண்டியவன் நீ. முதலில் டாக்டர், அப்புறம் யானை.

அடுத்த வருஷம் நீ உன் அப்பாவைவிட மூத்தவனாகிவிடுவாய். அவர் பார்க்காத வயதையெல்லாம் நீ பார்க்க வேண்டும். நீங்கள் யாரும் அவரிடம் அந்தக் கதை போதும் என்று சொன்னதில்லை. சொல்லும் வயது உங்களுக்கு வருவதற்குள் அவர் போய்விட்டார். வாண்டு வளர்ந்து, உன் தோளுக்கு மேல் உயர்ந்து, படியில் உனக்கு முன்னால் தாவி ஏறி, மேலே நின்றுகொண்டு, "போதும்ப்பா, அந்த யானையை விடுங்கப்பா" என்று உன்னிடம் அலுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சை நீ காதாரக் கேட்க வேண்டும். அதுதான் என் ஆசீர்வாதம்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது. "சரிம்மா" என்று மட்டும் எழுதாதே.

பதிலை எதிர்பார்க்கும்,
உன் அம்மா