அப்பாவுக்கு மிஞ்சிய சொல்

உ

கஜா பெராங், மலாக்கா,
1957 நவம்பர், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சிவகாமசுந்தரிக்கு அம்மா எழுதுவது. சீமைக் குளிரில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் உன் தங்கச்சி மல்லிகாவும் ஏதோ இருக்கிறோம், அப்பாவையும் சேர்த்து எல்லாரும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இதை முழுக்கப் படித்துவிட்டு மறுவேலை பார். உன் பெரியப்பா கலியாணசுந்தரம் உனக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறார், அப்பாவை ஊருக்குக் கப்பலேற்றிவிடலாம் நீயும் சரியென்று எழுது என்று கேட்டிருப்பார். என் கடிதம் பிந்திப் போய் நீ அதற்குள் சரியென்று எழுதிவிட்டாயோ என்னவோ. எழுதியிருந்தால் உடனே தந்தி அடித்து மாற்றிவிடு.

அப்பா பஸ் படியில் விழுந்ததும் வலது கையும் காலும் விளங்காமல் போனதும் மல்லிகா எழுதி உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நடந்ததைத்தான் நான் சொல்ல வேண்டும். வாய் போய்விட்டதடி. விடிந்தால் அடைந்தால் ஓயாமல் பேசுகிற மனுஷன், தண்ணீர் கேட்கத் தெரியாமல் முழிக்கிறார், என் பெயரும் வரவில்லை, உங்கள் பெயரும் வரவில்லை. ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. மாரி. நாக்குக் குழற என் முகத்தைப் பார்த்து மாரி மாரி என்பார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, தீமிதி அன்றைக்குக்கூட பஸ்ஸில் கூட்டம் என்று டிக்கெட் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள், அவர் வாயில் ஆத்தா பெயர் வந்தால் நான் வேறென்ன நினைப்பேன், அவளே வந்து நாக்கில் உட்கார்ந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவர் மாரி என்றதும் நெற்றி நிறைய விபூதியைப் பூசி, மல்லிகாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கோயிலுக்கு ஓடுவேன். எலுமிச்சம்பழ மாலை சாத்தினேன், ஈரச் சேலையோடு பிராகாரம் சுற்றினேன். திரும்பி வந்து பார்த்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார், கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். பக்தியில் அழுகிறார் என்று நானும் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பெரியப்பா புக்கிட் ரம்பாயிலிருந்து வந்து இதைக் கேட்டார். கேட்டவர் ஒரேயடியாக முடிவு கட்டிவிட்டார். இது இங்கே இருக்கிற மாரி இல்லை, நம்ம ஊர் எல்லையில் இருக்கிற மாரி, பிறந்த மண்ணுக்கு வரச்சொல்லிக் கூப்பிடுறா, தம்பியை நான் நாகப்பட்டினம் கப்பலில் கூட்டிக்கிட்டுப் போறேன், நீயும் சின்னவளும் என் வீட்டுப் பின்னறையில் இருந்துக்கங்க என்றார். சுதந்திரம் வந்தாச்சு, இனி இது அவங்க நாடு, நமக்கு இங்கே என்ன இருக்கு என்றும் சொன்னார். எனக்கு என்ன இருக்கா? நான் குருபோங் தோட்டத்து லயத்தில் பிறந்தவள், அந்த ஊர் கிழக்கா மேற்கா என்றுகூட எனக்குத் தெரியாது. கட்டின புருஷனைக் கப்பலில் ஏற்றிவிட்டு நான் யார் வீட்டுப் பின்னறையிலோ உட்கார்ந்து என்ன செய்வேன்? ஆனாலும் ஆத்தா கூப்பிட்டால் குறுக்கே நிற்க நான் யார் என்று பயம். மூத்தவளைக் கேட்காமல் முடியாது என்று மட்டும் சொல்லிவைத்தேன். உருப்படியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டுத் தெய்வானை அக்கா கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே ஊறிய மலாக்காச் செட்டி ஜனங்களைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நம் சாமிதான் அவர்களுக்கும், நெற்றியில் நம் விபூதிதான், வாயைத் திறந்தால் மட்டும் மலாய். அவள் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது அவர் என்னைப் பார்த்து மாரி என்றார். நான் வழக்கம்போல விபூதித் தட்டை எடுக்க எழுந்தேன். அக்கா என் கையை வெடுக்கென்று பிடித்து மலாயில் திட்டு திட்டென்று திட்டிவிட்டாள். கட்டின புருஷன் பக்கத்தில் வா வா என்று கூப்பிடுகிறான், நீ எங்கேயடி ஓடுகிறாய், தினமும் என் வீட்டுச் சமையல்கட்டு வரைக்கும் கேட்கிறது, உனக்கு நெஞ்சில் ஈரம் இல்லையா என்று. எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது சிவகாமி. இத்தனை வருஷமாக பஸ் வாசலில் தொங்கிக்கொண்டு மாரி மாரி, வாங்க வாங்க என்று ஜனங்களைக் கூப்பிட்டாரே, அந்த மலாய் மாரி. பசாரில் மீன்காரன் தினமும் அதைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறான், அவனிடம் புரிகிறது. வீட்டுக்குள் என்னோடு ஒரு மலாய்ச் சொல் பேசாத மனுஷன் சொன்னபோது என் காதில் அது ஆத்தாவாகத்தான் விழுந்தது. போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். நல்ல கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அப்படியே அமைதியாகிவிட்டார். அவர் கூப்பிடக் கூப்பிட நான் எழுந்து போயிருக்கிறேனே, பாவி நான், எவ்வளவு ஏங்கியிருப்பார். அன்றைக்கு அழுத அழுகை என் அப்பன் செத்தபோதுகூட நான் அழவில்லை.

பெரியப்பாவை வரவழைத்துக் கண்ணெதிரே காட்டினேன். பார்த்துவிட்டு, மலாய் பேசுற பொம்பளைக்கு நம்ம ஆத்தாவைப் பத்தி என்னா தெரியும் என்கிறார். கெட்டவர் இல்லை, அவருக்கு ஊருக்குப் போக ஆசை, தனியாகப் போகப் பயம், தம்பியை இங்கே விட்டுப் போக மனசு வரவில்லை. கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். இப்போது உன் பதிலுக்குத்தான் காத்திருக்கிறார். என் பேச்சு அவரிடம் எடுபடாது, நீ சீமையில் நர்ஸ் படிப்புப் படிக்கிறவள், நீ எழுதினால் நாலு பேரிடம் காட்டிவிட்டு அடங்கிப்போவார். கப்பலில் ஏற்றினால் உடம்பு தாங்காது, அம்மாவை விட்டு அப்பாவைப் பிரிக்க நான் சம்மதிக்க மாட்டேன் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாக எழுது, மரியாதையாகவும் எழுது. உங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரிடம் இப்படிப் போன பேச்சு திரும்பி வருமா, தமிழ் வருமா என்று கேட்டுச் சொல். ராத்திரி வேலை முடிந்து வந்தால் வெறும் வயிற்றில் படுக்காதே, மல்லிகா அனுப்பிய கம்பளி உறையைக் காலில் போட்டுக்கொள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்போது மாரி என்றால் நான் போய் உட்கார்ந்துவிடுகிறேன், மல்லிகா அந்தப் பக்கம் உட்காருகிறாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அவர் வாசலைப் பார்த்து இன்னொரு தடவை கூப்பிடுகிறார். யாரை என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். படிப்பை விட்டுவிட்டு வா என்று எழுத எனக்கு வாய் இல்லை, உன்னை அனுப்ப உன் பெரியப்பாவோடு சண்டை பிடித்தவர் அவர். அதனால் சிவகாமி டத்தாங், சிவகாமி டத்தாங் என்று சொல்கிறேன், வந்துகொண்டிருக்கிறாய் என்று. மலாயில் சொன்னால் நம்புகிறார், வாசலைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறார்.

தீர்க்காயுசாய் இரு தாயே. பெரியப்பாவுக்கு இன்றைக்கே எழுது.

உன் அம்மா
பொ. பூங்காவனம்