கோலம் இருக்கிறது, ரெனாங் எங்கே?

ஜார்ஜ்டவுன், பினாங்கு
ஞாயிறு காலை

என் பிரியமான ஜன்னத்துக்கு,

உனக்கும் இக்மலுக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு ஜலதோஷம், தொண்டை கட்டியிருக்கிறது, கோபமும் இன்னும் இறங்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பேன். உன் போன் இப்போது உன் மகன் இக்மல் கையில் இருப்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். அம்மாவைப் பதற்றப்படுத்தாதீர்கள் ஆன்டி என்று போன வாரம் கேட்டுக்கொண்டான். நான் அதைத்தான் செய்யப் போகிறேன்.

நம் கடலோர நீச்சல் குளத்தைப் பழுது பார்த்து முடிக்கப் போகிறார்கள். வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட குளம், நம் ஆட்கள் பாசி தேய்க்க மட்டுமே இறங்கிய குளம், பிறகு பொதுமக்களுக்கென்று திறந்துவிட்ட குளம். வியாழக்கிழமை காலை பெண்களுக்கு. முறையான நீச்சலுடை இல்லாதவர்கள் இறங்கக்கூடாது என்று வாசலில் பலகை. நீ உன் அண்ணனின் காற்சட்டைக்கு மேல் பாஜு குரோங் நீள அங்கியைப் போட்டுக்கொண்டு வந்தாய். காவல்காரர் மறித்தார். "எது முறைன்னு தண்ணி சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு அப்படியே குதித்தாய். அடுத்த வாரம் பலகை இல்லை. நான் பக்கத்தில் பயந்துகொண்டு நின்றதும் உனக்கு நினைவிருக்கும், அதை விடு.

நீ ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போகும் முன்பே மூடிவிட்டார்கள். காடு மண்டி, கொசு பெருகி, யாரும் எட்டிப் பார்க்காத இடமாகிவிட்டது. இப்போது ஒரு நிறுவனம் எடுத்திருக்கிறது. வேலையில் குறை சொல்ல மாட்டேன். வெடித்த சுவரைப் பூசி, பழைய நீல ஓட்டுக்கு இணையான ஓடு தேடிப் பதித்து, கடல்நீர் வரும் மதகைக்கூடத் திறக்க வைத்துவிட்டார்கள். வரைபடத்தைக் கூடத்தில் மாட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள். குளத்துக்கு மலாயில் கோலம்தானே, கோலம் பிழைத்தது என்று மலாய்க்காரப் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நானும் தட்டினேன், பாதியில் நிறுத்தினேன்.

பாயான் பாரு தொழிற்சாலையில் அத்தனை வருஷம் சோதனை மேசையில் இருந்தவள் நான். இருப்பதைப் பார்க்க மாட்டேன், இல்லாததைத்தான் தேடுவேன். அந்தப் படம் முழுக்கக் கோலம், கோலம் என்று எழுதியிருந்தது. கோலம் ரெனாங் என்று, நீந்துகிற குளம் என்று, ஓரிடத்திலும் இல்லை. மூலையில் பொடி எழுத்தில் கோலம் ஹியாசான். அலங்காரக் குளமாம். தரையை சிமெண்டு போட்டு உயர்த்தி, கணுக்கால் அளவு தண்ணீர் விட்டு, அடியில் விளக்கு, சுற்றிலும் காப்பிக்கடை மேசை.

திட்டத்துக்குப் பொறுப்பான ராம்நாத் நம் பிள்ளைதான், மரியாதை தெரிந்தவன். "கோலம் அப்படியே இருக்கும்லா ஆன்டி. தண்ணிய மட்டும் கொறைக்கிறோம். வயசானவங்க பத்திரமா உக்காந்து பாக்கலாம்" என்றான். பத்திரமாக உட்கார்ந்து பார்ப்பதாம். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

நேற்று கசிவு சோதனை. விளிம்பு வரை கடல்நீர் நிரப்பி, சுவர் தாங்குகிறதா என்று பார்ப்பது. பார்வைக்கு மக்களை விட்டார்கள். நாளை சிமெண்டு வருவதாக இருந்தது. நான் தெருப் பெண்களுக்கெல்லாம் தமிழில் செய்தி அனுப்பினேன், நம் கோலத்தைக் காப்பாற்ற வாருங்கள் என்று. எங்கள் கோயில் மாதர் குழுத் தலைவி நல்லம்மாள் நாலு பெண்களோடு வந்து இறங்கினாள், ஆளுக்கொரு பொட்டலம் கோலமாவோடு. மலாய்க் கோலம் அவளுக்குத் தெரியாததில்லை. தமிழ் எழுத்தில் பார்த்ததும் கை தானாக மாவு டப்பாவுக்குப் போயிருக்கிறது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவளுக்குக் கோபம். விஷயத்தைச் சொன்னேன். "மாவு கொண்டாந்தாச்சு, அள்ளிட்டுப் போகவா சொல்ற?" என்றாள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுடிதாரோடு இறங்கிவிட்டேன் ஜன்னத். ராம்நாத் ஓடி வந்தான். முறையான உடை இல்லாமல் இறங்கக்கூடாது ஆன்டி என்றான். பலகை போனாலும் அந்த வாக்கியம் போகவில்லை பார். அவனுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று உனக்கே தெரியும்.

தண்ணீர் சில்லென்று இருந்தது. மூச்சு வாங்கியது. மறுகரை தொட்டுத் திரும்பித் தலையைத் தூக்கினால், பெண்கள் குனிந்து சிமெண்டு விளிம்பில், மலாய்க்காரர்கள் எழுதுகிற ஆங்கில எழுத்தில், ரெனாங் என்று போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆறு எழுத்து, ஐந்து பேர். கடைசி எழுத்தை நான் ஈரக் கையோடு போட்டேன். கோணல்தான். நல்லம்மாள் பொறுக்காமல் அதைச் சுற்றித் தாமரை போட்டுச் சரிக்கட்டினாள். யாரோ போனில் எடுத்த படம் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது.

சிமெண்டு போடுவதை நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துவிடாதே. அடுத்த மாதம் நகராண்மைக் கூட்டம். இனி யார் அங்கே நீந்தப் போகிறார்கள் என்று கேட்கிறார்களாம், அன்று நீந்தியவர்கள் நேரில் வந்து சொல்லட்டும் என்கிறார்களாம். உன் பெயரை முதலில் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை.

பக்கவாதம் வந்ததிலிருந்து நீ ஜன்னலோர நாற்காலியை விட்டு எழுவதில்லையாம். விமானம் ஏறலாம், தண்ணீரில் பயிற்சி செய்யலாம் என்று டாக்டர் சொல்லியும் நீதான் மறுக்கிறாயாம், இடது கால் இழுப்பதை யாரும் பார்க்கக்கூடாது என்று. இக்மலும் பத்திரமாக இருக்கட்டும் என்று போர்வையை இழுத்துவிடுகிறான். நல்ல பிள்ளை. கணுக்கால் தண்ணீர் போதும் என்றவர்களும் நல்லவர்கள்தான்.

கடல்நீரில் யாருக்கடி கால் தெரியும்? அந்தக் கூட்டத்துக்கு எனக்குப் பயமில்லை. நீ இல்லாமல் அந்தக் குளம் திறந்தால் என்ன செய்வேன் என்றுதான் பயமாக இருக்கிறது.

அல்லாஹ் உன் காலுக்குப் பலம் தரட்டும். என் பங்குக்குத் தண்ணீர்மலை முருகனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், இரண்டு பேரில் யாராவது ஒருவர் உன்னைக் கிளப்பிவிடுவார். படியில் நான் கை கொடுக்கிறேன். நீச்சலுடை தேடி நேரத்தைப் போக்காதே. வந்த உடுப்போடு இறங்கு.

உன்னை எதிர்பார்த்து,
கௌரி