ரிஜிஸ்டரில் ஏறிய வாத்து

பாரிவாக்கம்,
ஞாயிறு

அன்புத் தங்கை ஞானகுமாரிக்கு,

இமயமலை தாண்டி வருகிற வாத்துக்கு மனுஷனிடம்தான் ஆபத்து என்று போன மாசமே சொன்னேனா, இல்லையா? அப்படியே நடந்தது! ஆண்டவர் கிருபையில் நான் நல்ல சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

நான் காவல் காக்கும் ஃபிளாட்டுக்கு எதிரே ஏரி. அங்கே ரஷ்யாவிலிருந்து வந்த வாத்து ஒன்று, செவ்வாயன்று எங்கள் கேட்டோரப் புங்கமரத்தில் பட்டம் விட்ட மாஞ்சா நூலில் சிக்கித் தொங்கியது. இருபதடி ஏறி, என் லுங்கியால் போர்த்தி இறக்கினேன். சிறகில் சின்னக் கீறல்தான்.

அதற்குள் பிளம்பர் கிருபாகரன் வந்துவிட்டான்.

"இன்னா அண்ணாத்தே, ஒரு கிலோ தேறும் போலக்கீதே! மசாலா அரைக்கச் சொல்லட்டா?"

உடனே ரிஜிஸ்டரைத் திறந்து எழுதினேன். பெயர்: வாத்து. ஊர்: ரஷ்யா. யாரைப் பார்க்க: வாட்ச்மேன் பாஸ்கல்.

"எழுதியாச்சுலே. உள்ள வந்தவரு வெளிய போன டைம் போடலன்னா செக்ரட்டரி நம்ம ரெண்டு பேரையும் தொலைச்சிருவாரு."

"வாத்துக்கு ரிஜிஸ்டரா? செம ஆளுய்யா நீ!" என்று சிரித்தவன், அவனே கிண்ணத்தில் தண்ணீர் வைத்தான்.

ராத்திரி கூடையில் மூடிவைத்து, மறுநாள் திறந்துவிட்டதும் விர்ரென்று தெற்கே, உன் பக்கமாகப் பறந்தது. நம்மூர்க் குளத்தில் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல். மருமகன் ஷெர்வினிடம், மாமா ரஷ்யாவையே காப்பாற்றினார் என்று சொல். லுங்கி கிழிந்துவிட்டது, ஒன்று அனுப்பு. கூடவே உன் நார்த்தங்காய் ஊறுகாயும்.

டியூட்டிக்கு நேரமாகிறது. ஒன்றே ஒன்று மட்டும் நானாகச் சேர்த்தது: அது தெற்கே பறந்தது என்பது. உண்மையில் எதிர் ஏரியிலேயே இறங்கிவிட்டது. தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன். ரிஜிஸ்டரில் அது வெளியே போன நேரத்தை நான் இன்னும் எழுதவில்லை.

உன்
பாஸ்கல்