அம்மா வழுக்கி விழவில்லை

கடப்பாக்கம்,
ஞாயிறு

அன்பு மகள் ரஞ்சிதாவுக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கங்கையம்மன் துணை. இங்கே நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

உன் அம்மா உன்னிடம் சொன்னதுபோல் மீன் ஏலம் விடுகிற இடத்தில் வழுக்கி விழவில்லை. அவள் நெற்றியில் ஐந்து தையல் போட வைத்தவன் நான். முதுகு ஆபரேஷன் முடிந்து ஏழு மாதமாக இடது கால் கொதிக்கிற எண்ணெயில் விட்ட மாதிரி எரிகிறது, ஆபரேஷன் செய்த டாக்டரோ எக்ஸ்ரேயைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார், அந்தப் படத்தை அவர் எதிரிலேயே கிழித்தெறிந்தேன். நம் படகுப் பங்காளி சீனு, அண்ணாத்த சும்மா நடிச்சிகினு கீறாரு என்று கரையில் நாலு பேர் கேட்கச் சொன்னான், துடுப்பை எடுத்து அவன் முதுகில் போட்டேன், எனக்குக் கத்தி வைத்த அதே இடம் பார்த்து. அந்தக் கொதிப்போடு வீட்டுக்கு வந்து படுத்தேன். காலில் ஈ மொய்க்கிறதே என்று அம்மா துண்டால் ஓட்டினாள், துண்டின் நுனி பட்டதும் உயிரோடு தோலை உரித்ததுபோல் இருந்தது, ஊன்றுகோலை வீசி அடித்தேன். ரத்தம் அவள் கண்ணுக்குள் இறங்கியது. கத்தியது அவள் இல்லை, நான்தான். அன்றே திருவிடந்தையில் உன் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கால்வலிக்கு நம் ஆட்கள் செய்வதுபோல் மத்தியானச் சுடுமணலில் காலைப் புதைத்து உட்கார்ந்தேன். எடுத்துப் பார்த்தால் பாதத்தின் ஓரமெல்லாம் கொப்புளம், எனக்குச் சூடே தெரியவில்லை. சேதி கேட்டு அம்மாதான் ஓடிவந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா கொப்புளத்தைப் பார்த்துவிட்டு என் கண்ணை மூடச் சொன்னார், பாதத்தில் ஊசியால் குத்தியது தெரியவில்லை, ஆடுசதையில் பஞ்சு பட்டதற்குக் கட்டில் கம்பியை வளைத்துவிடுகிற மாதிரி பிடித்து அலறினேன். பிறகு ஸ்கேன், கரண்ட் வைத்து ஒரு சோதனை. அறுத்த இடத்தில் உள்தழும்பு வளர்ந்து நரம்பைச் சுற்றியிருக்கிறதாம், நரம்பே அடிபட்டிருக்கிறதாம், எக்ஸ்ரேயில் அது தெரியாதாம். மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள், முழுசாகப் போகும் என்று யாரும் சொல்லவில்லை.

நடிப்பு இல்லை என்று ஆனதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வராந்தாவில் அம்மாவிடம், பார்த்தியா, எல்லாம் அந்த நரம்பு பண்ண வேலை என்றேன். அவள் தையலைத் தொட்டுக்கொண்டு, நரம்பு காலுலதான கெட்டுகீது, கையில இன்னா கீது என்று கேட்டாள். மாத்திரைப் பையை என் மடியில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

நேற்று சீனு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அம்மாவிடம் கேட்க இன்னும் வாய் வரவில்லை. போன வாரம் நீ அவளிடம், அப்பா பாவம், வீட்டுக்குப் போம்மா என்றாயாம். விஷயம் தெரியாமல் சொன்னாய். இனி எனக்காகப் பேசாதே. வியாழக்கிழமை தையல் பிரிக்கிறார்கள், மறக்காமல் போன் செய்து அவளுக்கு எப்படி இருக்கிறது என்று கேள். குழந்தையைக் குனிந்து தூக்காதே, முட்டி மடக்கி உட்கார்ந்து தூக்கு. மாப்பிள்ளை உன் மேல் ஒரு தடவை கை ஓங்கினாலும் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காதே, கிளம்பிவிடு.

மூவரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். ஊன்றுகோலை நான் இப்போது தொடுவதில்லை, சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறேன்.

உன் அப்பா,
பக்தவச்சலம்