முன்சீட்டில் அம்மா

மே 9, வெள்ளி

ஆரஞ்சு நிற டி-ஷர்ட்கள் வந்து சேர்ந்துவிட்டன. ஆளுக்கொன்று. அண்ணனின் யோசனை. விடுமுறைக்குப் போகிற கேளிக்கைப் பூங்காக்களின் கூட்டத்தில் யாரும் தொலைந்துவிடக் கூடாதாம், எல்லோரும் ஒரே நிறத்தில் இருந்தால் தூரத்திலேயே தெரியுமாம். அப்பா போட்டுப் பார்த்துவிட்டு, ரோடு போடுகிற ஆள் மாதிரி இருக்கிறது என்றார். அண்ணன் மகன் பொடியனுக்கு முட்டி வரை தொங்குகிறது. அவன் அக்கா, எங்கள் வாலு, அதைக் கழற்ற மாட்டேன் என்று அப்படியே தூங்கிவிட்டாள்.

எனக்கு விடுப்பு கிடைத்தது. பார்சல் கம்பெனியில் போனில் திட்டு வாங்குகிற வேலைக்கு விடுப்புக் கேட்டால், மேனேஜர் சொத்தை எழுதிக் கொடுப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்கிறார்.

மே 12, திங்கள்

ஓட்டலுக்கு வந்துவிட்டோம். அப்பா ஓட்டுகிற பள்ளி வேனிலேயே வந்தோம். விடுமுறையில் வண்டி சும்மாதான் நிற்கிறது, டீசல் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்று வேன் கம்பெனி சூப்பர்வைசர் கொடுத்தாராம். பெரிய தயாள மனசு. அப்பாவை இத்தனை வருஷம் நிரந்தரம் செய்யாமல் வைத்திருக்கிற அதே ஆள்.

வழி முழுக்க அம்மாவின் வாய் ஓயவில்லை. "லாரி வருது... சைக்கிள் குறுக்க வரான்... பச்சை விழுந்துடுச்சு... கொஞ்சம் இடப்பக்கம் போங்க." எனக்குத் தலைவலி.

"அம்மா, வண்டிய அவர் ஓட்டுறாரா, நீ ஓட்டுறியா?"

அப்பா சிரித்தார். "விடு பாப்பா. அவ பேசலன்னா எனக்குத் தூக்கம் வந்துரும்."

போன மழைக்காலத்திலிருந்து அம்மாவும் அதே வேனில் ஆயா. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்று சேர்ந்தாள். இந்த வயதில் புருஷனை வேவு பார்க்கப் போகிறாயா என்று நாங்கள் எல்லோரும் கிண்டல் செய்தோம். அதற்கும் சிரித்தாள்.

மே 13, செவ்வாய்

முதல் பூங்கா. எங்கே பார்த்தாலும் வரிசை. கூடப் பணம் கட்டியவர்களுக்குத் தனி வரிசை. நாங்கள் வெயிலில் நிற்க நிற்க அவர்கள் எங்களைத் தாண்டிப் போகிறார்கள். வாலு கேட்டாள்: "அத்தை, அவங்க மட்டும் ஏன் முன்னாடி போறாங்க?" அண்ணி அவள் வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணித்தாள்.

ஒரு ராட்டினத்தில் ஏறப் பொடியனுக்கு உயரம் போதவில்லை. அண்ணி அவன் ஷூவுக்குள் டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்து நிறுத்தினாள். வாசலில் இருந்த பெண் அவனை ஷூவிலிருந்து தூக்கி, வெறுங்காலோடு அளவுப் பலகை முன் நிறுத்திப் பார்த்துவிட்டு, திரும்ப ஷூவுக்குள் இறக்கி வைத்தாள்.

கழிவறைக்குப் பின்னால், கரடி வேஷம் போட்டவர் கரடித் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளத்தில் முங்கி எழுந்தவர்போல முகம். எட்டிப் பார்த்த குழந்தைகளைக் கண்டதும் அவசரமாகத் தலையை மாட்டிக்கொண்டார். இந்த இடத்தில் சிரிப்பதுகூட யாரோ ஒருவருடைய ஷிப்ட்.

அப்பா எதிலும் ஏறவில்லை. பெஞ்சிலேயே இருந்தார். களைப்பு என்றார்.

மே 14, புதன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இரண்டாவது பூங்கா. சின்னக் குழந்தைகளுக்கான குட்டி ரயில். அதில் பெரியவர்கள் ஏறக் கூடாது. பொடியனை ஏற்றிவிட்டு, இறங்குகிற வழியில் நிற்கும் பொறுப்பை அப்பாவிடம் கொடுத்தோம். நாங்கள் கொஞ்சம் தள்ளி மரத்தடியில் இருந்தோம். அப்பா அவன் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார், மடியில் உட்கார வைத்தார், துண்டால் மூக்கைத் துடைத்துவிட்டார். "ராசா பயப்படாம போயிட்டு வந்துட்டான்" என்றார்.

அது பொடியன் இல்லை.

வேறு ஒரு பையன். ஆரஞ்சு டி-ஷர்ட். ஏதோ நர்சரிப் பள்ளியிலிருந்து வந்த கூட்டம், அவர்களுக்கும் அதே நிறம். அந்தக் குழந்தை அழக்கூட இல்லை, அப்பா கொடுத்த முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, இது யாரு?"

"யாரா? விளையாடாத பாப்பா."

விளையாடுகிறேன் என்று நிஜமாகவே நினைத்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அதற்குள் அந்தப் பையனின் அம்மா ஓடி வந்தாள், பின்னாலேயே ஒரு கூட்டம். யாரோ "புள்ள புடிக்கிறவன்" என்றார்கள். அந்த வார்த்தை ஒன்று போதுமே. தொப்பி போட்ட ஒருவன் அப்பாவின் கன்னத்தில் அறைந்தான். இன்னொருவன் சட்டையைப் பிடித்தான். மற்றவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அறைந்தவனுக்கு நடந்தது என்னவென்று தெரியாது, தெரிந்துகொள்கிற அவசரமும் இல்லை. நான் குறுக்கே பாய்ந்து அவன் கையைக் கடித்துவிட்டேன். கடித்தேன்தான். அதற்கு வருத்தமில்லை.

பொடியன்? ரயிலைவிட்டு இறங்கவே இல்லை. கூப்பிட யாரும் வராததால் அடுத்த சுற்றும் போய்க்கொண்டிருந்தான். அண்ணி அலறிக்கொண்டு ஓடியபோது அவன் எங்களுக்கு டாட்டா காட்டினானாம்.

காவலர் அறைக்கு எல்லோரையும் கூட்டிப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர்; அப்பா வயதானவர், நிறத்தைப் பார்த்துக் குழம்பிவிட்டார், சரிதான் என்றார். எழுதி முடிப்பதற்காகக் கேட்டார்: "உங்க பேரன் யாருன்னு காட்டுங்க பெரியவரே, முடிச்சுக்கலாம்."

இரண்டு பையன்களும் அப்பாவின் முன்னால் நின்றார்கள். கை நீட்டினால் தொடுகிற தூரம். அப்பா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். பிறகு மறுபக்கம்.

"ராசா," என்றார், "எங்க இருக்க?"

பொடியன் "தாத்தா" என்றான். அப்பா குரல் வந்த பக்கம் திரும்பினார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதிர்ச்சி அடையவில்லை.

மே 15, வியாழன்

காலையில் ஓட்டல் மாடிப்படியில் அம்மாவைப் பிடித்தேன். ஒளித்துப் பயனில்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. எதை நேராகப் பார்த்தாலும் அந்த இடத்தில் ஒரு புகை. ஓரங்கள் தெரியும், நிறம் தெரியும், அசைவது தெரியும். முகம் தெரியாது. யாருக்கும் சொல்லாமல் ஒருமுறை கண் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். போனது திரும்பாது, ஊசி போட்டால் மிச்சத்தை ஓரளவு காப்பாற்றலாம் என்றாராம். ஊசிக்கு அடிக்கடி போக வேண்டும். அடிக்கடி லீவு போட்டால் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். அதனால் போகவில்லை.

"அப்புறம் எப்படிம்மா ஓட்டுறாரு?"

"நான் சொல்றேன்ல."

இவ்வளவுதான் சொன்னாள். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் ஆயா வேலைக்குச் சேர்ந்தது வீட்டில் பொழுது போகாமல் இல்லை. லாரி, சைக்கிள், பச்சை, இடப்பக்கம்... அது தொணதொணப்பு இல்லை. அம்மா பார்க்கிறாள், அப்பா ஓட்டுகிறார். மழைக்காலத்திலிருந்து. ஒவ்வொரு நாளும். வேன் நிறையக் குழந்தைகள்.

நாங்களும் அப்படித்தானே இங்கே வந்து சேர்ந்தோம்? பின்சீட்டில் பொடியன் என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தான்.

அதே நாள், பிறகு

இது இன்னும் மோசம்.

அண்ணி அழுதாள், கத்தினாள். வாலு தினமும் போவது அந்த வேனில்தான். "என் பொண்ணை உங்கள நம்பித்தானே அத்தை ஏத்தி விட்டேன்?" அண்ணியின் கோபம் நியாயம். ஆனால் பிறகு அவளும் அண்ணனும் அறைக்குள் போய்ப் பேசிவிட்டு, ஒரு முடிவோடு வெளியே வந்தார்கள். வாலுவை இனி ஆட்டோவில் அனுப்புவது. விஷயம் வெளியே போகக் கூடாது. அப்பாவை இன்னும் ஒரு வருஷம் எப்படியாவது ஓட்டவிட்டு, கௌரவமாக நிறுத்திவிடலாம்.

"மத்த புள்ளைங்க?" என்று கேட்டேன்.

அண்ணன் என்னைப் பார்த்தான். "ஆரம்பிச்சுட்டியா புரட்சி? இத்தன நாள் ஒண்ணும் ஆகலைல?"

அவன் கெட்டவன் இல்லை. நேற்று அப்பாவின் உதட்டில் ரத்தத்தைத் துடைத்தவன் அவன்தான். தன் குழந்தையை மட்டும் இறக்கிவிட்டு, மிச்சக் குழந்தைகளோடு வண்டியை அனுப்பி வைக்கிற ஒரு நல்லவன். நல்லவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மே 16, வெள்ளி

திரும்பும்போது அண்ணன் ஓட்டினான். முன்சீட்டில் அம்மா. வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை.

மே 21, புதன்

வேன் கம்பெனிக்குப் போனேன். வருஷா வருஷம் டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை என்று ஒன்று நடக்கிறதே, அது எப்படி நடக்கிறது என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். ஷெட்டுக்கு ஒருவர் வருவார், சுவரில் எழுத்துகள் போட்ட அட்டையை மாட்டுவார். அதே அட்டை. டிரைவர்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வேறு.

"உங்கப்பா விஷயம் எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிற? உங்கம்மாவ ஆயாவா போட்டதே நான்தானேம்மா."

அனுபவசாலி, வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை, இந்தச் சம்பளத்துக்குக் கண்ணு நல்லா இருக்கிறவன் எவன் வருவான் என்றார். கடைசியில் டீ குடிக்கிறாயா என்று கேட்டார்.

மே 30, வெள்ளி

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறார்கள். அப்பா வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

"அந்த ரூட்டு எனக்குக் கால்ல இருக்கு பாப்பா. பள்ளம், மேடு, வளைவு எல்லாம்."

"குறுக்க ஒரு குழந்தை ஓடினா?"

"அம்மா சொல்லுவா."

"அம்மா தும்முனா?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. என்னைப் பார்க்கத் தலையைச் சாய்த்தார். இப்போதெல்லாம் என்னைப் பார்க்க அவர் என் காதுப் பக்கம் எங்கேயோ பார்க்க வேண்டும்.

"வீட்ல உக்காந்து நான் என்ன பண்றது?" என்றார். கோபமாக இல்லை. நிஜமாகவே என்னிடம் கேட்டார்.

மே 31, சனி

பள்ளிக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அப்பா, அம்மா, சூப்பர்வைசர், அட்டை, எல்லாவற்றையும். தலைமை ஆசிரியை நான் முடிக்கும்வரை கேட்டார். பிறகு அவருடைய முதல் கேள்வி: "இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

குழந்தைகளைப் பற்றி இல்லை. அது முதல் கேள்வி இல்லை.

இன்னும் சொல்லவில்லை, ஆனால் திங்கட்கிழமை என் அப்பா அந்த வண்டியில் இருந்தால் பள்ளி வாசலில் நின்று ஒவ்வொரு அம்மாவிடமும் சொல்வேன் என்றேன். வெளியே வந்தேன். நானா இதைச் செய்தேன்? சொந்த அப்பாவை.

ஜூன் 2, திங்கள்

இருவருக்கும் வேலை போய்விட்டது. கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே வேனில் வேறு டிரைவர், அதே சூப்பர்வைசர்.

அண்ணன் போனில், இனி என் முகத்தில் விழிக்காதே என்றான். அண்ணி பின்னாலிருந்து ஏதோ சொல்வது கேட்டது, என்னவென்று புரியவில்லை. அம்மா சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

ஜூன் 3, செவ்வாய்

அப்பா விடியுமுன்பே எழுந்து, குளித்து, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, பிறகு கழற்றி மடித்து வைத்தார்.

ஜூன் 8, ஞாயிறு

சாப்பிடும்போது தட்டுச் சத்தம் மட்டும்.

ஜூன் 12, வியாழன்

காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்பா வெள்ளைச் சட்டையில் வந்து வாசல்படியில் நின்றார். "அந்த ஊசி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. பஸ்லயே போலாம்" என்றார். மேனேஜருக்கு போன் செய்து, இன்று வர முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

பஸ்ஸில் முன்பக்கம் இடம் இருந்தது. அப்பா வேண்டாம் என்று பின்னால் போய் உட்கார்ந்தார். நான் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நல்லது என்றும் இல்லை, கெட்டது என்றும் இல்லை. இறங்கும்போது என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டார். அது போதும் என்று எழுத வருகிறது, போதவில்லை.

வழி முழுக்க ஒவ்வொரு நிறுத்தம் வரும்போதும், டிரைவருக்கு ஒரு கணம் முன்பாக, அவருடைய வலது பாதம் செருப்போடு தரையை அழுத்தியது. மெதுவாக, ஒரே சீராக, பின்னால் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுபோல.