சட்டை மாட்டும் ஆணி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி எப்படி இருக்கிறது? அப்பாவைக் கேட்டால் 'அவளுக்கென்ன' என்பார், அதனால் நீயே சொல். நான் நன்றாக இருக்கிறேன், அலுப்புதான்.

என்ன வேலை என்று கேட்டாயே. ஜாவா என்கிற கணினி மொழியில் நாங்கள் ஆட்களைக் குடும்பம் குடும்பமாக எழுதுவோம். விவரங்களைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸோ வரிசை வரிசையாகத்தான் வைத்துக்கொள்ளும். நடுவில் தரகர் மாதிரி ஒரு மென்பொருள் நின்று, இங்கே மாற்றுவதை அங்கே பதிந்துவிடும்.

போன வாரம் ஒரு கம்பெனியின் பதிவுகளில் ஒரு கிளையின் ஊழியர்களை வேறு கிளைக்கு மாற்றினேன். பழைய கிளையிலிருந்து எடுத்துப் புதியதில் சேர்ப்பதற்குள், நாதியில்லாதவர்கள் என்று அத்தனை பேரையும் அந்தத் தரகர் அழித்துவிட்டது.

"அநாதையானா அழிச்சிடுன்னு நீதானேப்பா எழுதி வச்சிருக்க," என்று சிரித்தார் டீம் லீடர். சோதனைக்கு வைத்திருந்த நகல்தான், வேலைக்கு ஆபத்தில்லை. சரிசெய்து முடிப்பதற்குள் கண் பூத்துவிட்டது.

வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறீர்களாமே. என் அறையைத் தங்கைக்கே கொடுத்துவிடு. கட்டில், அலமாரி எல்லாம் அவளே வைத்துக்கொள்ளட்டும்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். கதவுக்குப் பின்னால் நான் சட்டை மாட்டும் ஆணியை மட்டும் பிடுங்க வேண்டாம் என்று வெள்ளையடிப்பவரிடம் சொல்லிவிடு.

உன் பிள்ளை