உங்கள் முதலாளிக்குத் தெரியாது

மே 13, திங்கள்

"சத்தமில்லாமல் தேடு" பட்டன் எங்கள் வேலைவாய்ப்புத் தளத்தில் வெளியாகிப் பதினோரு நாள். இன்று காலை வரை 4,112 பேர் அழுத்தியிருக்கிறார்கள். ஹென்னிங் மேசை மேசையாகப் போய் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார், பேரன் பிறந்தவர் மாதிரி. முதலாளிதான். ஆனாலும் இப்படிப்பட்ட நாளில் அவரைப் பார்க்கப் பிடிக்கிறது.

பட்டனுக்குக் கீழே இருக்கும் வரி என்னுடையது. "உங்கள் முதலாளிக்குத் தெரியாது." ஐந்து வாரம் எழுதி, அடித்து, மறுபடி எழுதி மிஞ்சியது இவ்வளவுதான். அழுத்தினால் நீங்கள் வேறு வேலைக்குத் தயார் என்பது பழைய சகாக்களுக்கும் ஆள் தேடித் தரும் ஏஜென்சிகளுக்கும் தெரியும். உங்கள் கம்பெனியின் கணக்கு வழியாகத் தளத்துக்குள் வருகிற யாருக்கும் தெரியாது.

அக்காவும் அழுத்திவிட்டாள். டோர்த்தே பத்தொன்பது வருடமாக லெம்விக் என்ற சின்ன ஊரில் மீன் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறாள். ரொம்பத் தயங்கினாள். "இங்க இருக்கிறதே ஒரே கம்பெனி, விபே. தெரிஞ்சுதுன்னா நான் தொலைஞ்சேன்."

"இது நான் செஞ்சது, அக்கா. என்னைக்கூட நம்ப மாட்டியா?" என்றேன். நம்பிவிட்டாள்.

மே 16, வியாழன்

மதியம் யானிக் கையில் பாதி ரொட்டியோடு வந்து நின்றான். தளத்தின் புரோகிராம் எல்லாம் எழுதுகிறவன் அவன்தான். பொதுவாகச் சாப்பிடும்போது யாரோடும் பேச மாட்டான்.

"வா. ஒண்ணும் கேக்காதே, பாரு."

அவன் திரையில் பொய்யாக ஒரு கம்பெனி, அதில் பொய்யாக ஓர் ஊழியர், வெளியே பொய்யாக ஓர் ஏஜென்சி. ஊழியர் பட்டனை அழுத்துகிறார். கம்பெனி ஏஜென்சியிடம், ஒரு எலக்ட்ரீஷியன் வேண்டும் என்கிறது. ஏஜென்சி நம் தளத்தில் தேடிப் பட்டியல் எடுத்து அப்படியே கம்பெனிக்கு அனுப்புகிறது. பட்டியலில் இரண்டாவது பெயர் — கம்பெனியின் சொந்த ஊழியர். படத்தோடு.

"ஏஜென்சிக்குக் காட்டுறோம்," என்றான் யானிக். "ஏஜென்சி யாருக்குக் காட்டும்னு நாம யாரும் யோசிக்கல."

பெரிய நகரத்தில் இது எப்போதாவது நடக்கும். ஒரே கம்பெனி இருக்கிற ஊரில்? எல்லாப் பட்டியலும் ஒரே மேசைக்குத்தானே போகும்?

எட்டுப் பேர் உட்கார்ந்து யோசித்த பட்டன். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஏனென்று இப்போது தெரிகிறது. அந்த அறையில் முதலாளியைக் கண்டு பயந்தவர் ஒருவரும் இல்லை. ஹென்னிங் செய்துகொண்டு வரும் கேக்கை அவர் முகத்துக்கு நேரே குறை சொல்லுகிற கூட்டம் நாங்கள்.

மே 17, வெள்ளி

வெள்ளிக்கிழமைக் காலை ரொட்டி வாங்கும் முறை இந்த வாரம் எனக்கு. வாங்கிப் போனேன். கூட்டத்தில் யாரும் தொடவில்லை.

சரி செய்ய நான்கு வாரம் ஆகும். அதுவரை பட்டனை நிறுத்துவோம், இல்லையென்றால் அழுத்தினவர்களுக்கு எழுதுவோம் என்றேன்.

ஹென்னிங் கேட்டார்: "யாருக்காவது ஏதாவது ஆயிருக்கா?"

"தெரியாது."

"அப்ப ஆகல. 'உங்களைக் காட்டிக்கொடுத்துட்டோம்'னு நாலாயிரம் பேருக்கு எழுதச் சொல்றியா? யாரையும் இன்னும் காட்டிக்கொடுக்கவே இல்லையே! இது டென்மார்க், விபெக்கே. வேறு வேலை தேடுறான்னு எவன் ஆளை வேலையை விட்டுத் தூக்குவான்?"

அந்த வரியையாவது மாற்றலாமே என்றேன். "மாத்தினா ஏன்னு கேப்பாங்க," என்றார். யானிக் ஜன்னலைப் பார்த்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சரி என்றேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துவிடக் கூடாது — சரி என்று சொன்னது நான்.

மே 18, சனி

பொறுக்க முடியவில்லை. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அந்தப் பட்டனை அணைச்சுடு."

"ஏன்?"

"கேக்காதே. யார்கிட்டயும் மூச்சு விடாதே. விட்டா என் வேலை போயிடும்."

"அப்ப மத்தவங்க?"

"சரி பண்ணிட்டிருக்கோம்க்கா."

நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அணைத்தாள். அப்பாடா என்றிருந்தது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவள் உட்கார்ந்து நான்கு ரொட்டி சாப்பிட்டேன்.

மே 21, செவ்வாய்

4,690. பெந்தெகொஸ்தே விடுமுறையிலும் அழுத்தியிருக்கிறார்கள். வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து, என் வரியைப் படித்துவிட்டு.

மே 24, வெள்ளி

சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஹென்னிங்கை மடக்கினேன். "பொறு விபெக்கே, இன்னும் மூணு வாரம்தான். நீ தூங்குறியா? முகமே சரியில்லையே," என்றார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அயோக்கியனாக இருந்து தொலைத்திருக்கலாம், எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

மே 29, புதன், லெம்விக்

அக்காவுக்கும் அவள் கணவர் பவுலுக்கும் கல்யாண வெள்ளி விழா. இருபத்தைந்து வருடம்! காலை ஆறு மணிக்கே தெருக்காரர்களும் தொழிற்சாலைக்காரர்களும் வாசலில் கூடிவிட்டோம். ஊசியிலைக் கிளைகளைக் கட்டிய வளைவை வாசற்கதவைச் சுற்றி அடிக்க வேண்டும், நடுவில் வெள்ளிக் காகிதத்தில் 25. பிறகு பாட்டு. அதுவரை உள்ளே இருக்கிற இரண்டு பேரும் ஒன்றும் காதில் விழாத மாதிரி படுத்திருக்க வேண்டும். பவுலுக்கு நடிக்க வராது. மாடியில் அவர் இருமுவது தெருவுக்கே கேட்டது.

ஏணி மேல் ஒரு பெரியவர், கையில் சுத்தியல். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"நீதான் அந்தத் தங்கச்சியா?" என்றார். "நான் கிரெஸ்டன். டோர்த்தே வேலை பார்க்கிற இடத்துல மெக்கானிக்."

"ஆமா, நான்தான்."

"உன் பட்டனை நானும் அழுத்திட்டேன்மா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எஸ்பியர்க்ல மகளுக்கு ரெட்டைப் பிள்ளை பிறந்திருக்கு. அங்க துறைமுகத்துல மெக்கானிக் கேக்கறாங்களாம். எனக்கெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம்னாலே பயம். உங்க அக்காதான், 'என் தங்கச்சி செஞ்சது, கண்ண மூடிட்டு அழுத்துங்க'ன்னா."

"எப்ப சொன்னா?"

"இந்த மாசம் ஆரம்பத்துல. எங்க மேலாளருக்கு மட்டும் தெரிஞ்சுது, அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடுவான். முப்பத்தோரு வருஷம். அம்பத்தெட்டு வயசுல என்னை வேற எவன் எடுப்பான்? ஆணி குடும்மா."

கொடுத்தேன்.

ஆணியைத்தான் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. சுற்றி இருபது பேர் இருந்தார்கள், வாஸ்தவம். ஆனால் அவர் காதுக்கும் என் வாய்க்கும் நடுவே நான்கே படி. "இறங்குங்க, ஒரு நிமிஷம் தனியாப் பேசணும்" — இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பாட ஆரம்பித்துவிட்டார்கள். நானும் பாடினேன்.

பிறகு சமையலறையில் அக்காவைப் பிடித்தேன். "கிரெஸ்டன்கிட்ட அணைக்கச் சொன்னியா?"

என்னைப் பார்க்காமலே வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "நீதானே மூச்சு விடாதேன்னே."

"சொல்லிடலாமா?"

"சொன்னா உன் வேலை?"

அதற்குள் யாரோ காப்பி கேட்டு உள்ளே வந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு திரும்பினோம்.

ஜூன் 3, திங்கள்

நான்கு மணிக்கு அக்கா போன். குரலே வேறு.

தொழிற்சாலைக்கு இன்னொரு மெக்கானிக் வேண்டுமென்று ஏஜென்சியிடம் கேட்டிருக்கிறார்கள். பட்டியல் வந்திருக்கிறது. மூன்றாவது பெயர் கிரெஸ்டன். மேலாளர் அவரைக் கூப்பிட்டுத் தாளைத் திருப்பிக் காட்டி, "நம்ம ஆளையே நமக்கு விக்கிறாங்க, பாருங்க," என்று சிரித்தாராம். சிரித்துவிட்டு, பணிக்குறைப்பு என்று ஒரு காரணம் எழுதி, வேலைநீக்கக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டார்.

"எனக்கு மட்டும் சொன்னே," என்றாள் அக்கா. "என்னை மட்டும் காப்பாத்தினே. நானும் வாயை மூடிட்டு இருந்தேன். அந்த மனுஷன் என் வாசலுக்கு ஆணி அடிச்சுட்டிருந்தார், விபே! அப்புறம் நாம உள்ள உட்கார்ந்து காப்பி குடிச்சோம்!"

வைத்துவிட்டாள்.

என்ன பண்ணித் தொலைச்சேன் நான். நாலு படி. நாலே நாலு படி.

ஜூன் 4, செவ்வாய்

ஹென்னிங்கிடம் சொன்னேன். முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டார். அரை மணி கழித்து வக்கீலோடு பேசிவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை பட்டனைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவார்களாம். கடிதம் கிடையாது. கடிதம் எழுதினால் அது ஒப்புதல் ஆகிவிடுமாம்.

அப்படியானால் ஏற்கெனவே பட்டியல்களில் போய்விட்டவர்களுக்கு யார் சொல்வது? அவர்கள் இன்னும் முதலாளிக்குத் தெரியாது, தெரியாது என்றே இருப்பார்களே.

தளத்திலிருந்து உறுப்பினர்களுக்குப் போகும் அறிவிப்பெல்லாம் என் கையால்தான் போகிறது. யார் அனுமதியும் இல்லாமல் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். பத்து வரி. ஒன்பது சரியாக இருக்கின்றன. பத்தாவது: "இந்தக் குறை தெரிந்ததும் என் அக்காவுக்கு மட்டும் சொன்னேன், உங்களுக்குச் சொல்லவில்லை." இது இல்லாமல் அனுப்பினால் மறுபடியும் பொய். இதோடு அனுப்பினால்? லெம்விக்கில் என் அக்கா யாரென்று தெரியாதவர்கள் இல்லை.

பட்டன் வேலை ஆரம்பித்தபோது என் மேசைக்கு மேலே நானே ஒரு தாள் ஒட்டினேன். ஒருவரை இன்னொருவருக்குக் காட்டுவதற்கு முன்னால் அவரைக் கேள் என்று. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

அக்காவுக்கு ஐந்து முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. கடிதத்தை அப்படியே அனுப்பி, "பத்தாவது வரியைப் போடலாமா? நீ வேண்டாம்னா நான் அனுப்பல," என்று எழுதினேன்.

ஜூன் 5, புதன்

அரசியலமைப்பு நாள், விடுமுறை. பதில் இல்லை. பவுல் போனை எடுத்தார். "யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறா. வாசல்ல வளைவு வேற பழுத்துப் போய்க் கொட்டுது. கட்டினவங்கதான் வந்து கழட்டணும்ங்கிறா. என்னைத் தொட விட மாட்டேங்கிறா."

நாளை ஒரு நாள்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பட்டனோடு சேர்த்து, அழுத்தியவர்களின் பட்டியலையும் என் கைக்கு எட்டாமல் செய்துவிடுவார்கள். அக்கா வேண்டாம் என்றால்? ஒன்பது வரியை மட்டும் அனுப்புவேனா? தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

ஜூன் 6, வியாழன்

காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டாள்.

"நேத்து கிரெஸ்டன் வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னாடியே தெரியும்னு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"கதவைச் சாத்திட்டார். மெதுவாத்தான் சாத்தினார்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அந்த வரியைப் போடு. அக்கான்னே போடு. ஊருக்கு எப்படியும் தெரியப்போகுது, உன் கையாலேயே தெரியட்டும். ஆனா ஒண்ணு — இனிமே என்னைக் காப்பாத்தறேன்னு எதுவும் பண்ணாதே."

காலை ஒன்பது மணி பத்துக்கு அனுப்பினேன், 5,236 பேருக்கு. அடியில் என் பெயர், என் போன் எண். எழுந்து ஹென்னிங் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

ஜூன் 7, வெள்ளி

பதினாலு வருடச் சாமான் ஒரே பெட்டியில் அடங்கிவிட்டது.

"என்கிட்ட சொல்லிட்டு அனுப்பியிருக்கலாமே," என்றார் ஹென்னிங்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

"இல்ல," என்றார். என் செடியை அவரே தூக்கிக்கொண்டு சைக்கிள் வரை வந்தார்.

போன் ஓயவே இல்லை. அறுபத்தோரு பேர். பாதிப் பேர் திட்டினார்கள். ஒருவன், "உங்க அக்காவுக்கு மட்டும்தான் குடும்பம் இருக்கா?" என்றான். இல்லை என்றேன். ஸ்காவனிலிருந்து ஒரு பெண், "இப்பதான் அணைச்சேன், திங்கக்கிழமை எங்க கம்பெனிக்கு ஏஜென்சி பட்டியல் வருது," என்று சொல்லிவிட்டு அழுதாள். கிரெஸ்டன் கூப்பிடவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

நடுக்கோடை இரவு. வழக்கம்போல ஊரெல்லாம் கடற்கரையில் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். இந்த வருடம் அக்கா வா என்று சொல்லவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

யானிக் எழுதியிருக்கிறான். குறையைச் சரி செய்து பட்டனை மறுபடி வைத்திருக்கிறார்கள். ஏஜென்சி உங்கள் பெயரைக் கேட்டால் முதலில் உங்களுக்குத் தகவல் வரும். நீங்கள் சரி சொன்னால்தான் பெயர் போகும். வரியும் மாறியிருக்கிறது: "உங்கள் முதலாளிக்குத் தெரியவே தெரியாது என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது." நான் எழுதியிருந்தால் இன்னும் சுருக்கியிருப்பேன்.

முதல் வாரத்தில் அழுத்தியவர்கள் தொள்ளாயிரம் பேராம். ஹென்னிங் யார் மேசைக்கும் போகவில்லையாம்.

ஆகஸ்ட் 1, வியாழன்

நான்காவது நேர்காணல். ஏன் விலகினீர்கள் என்றார்கள். சொன்னேன். ரொம்ப மரியாதையாகக் காப்பி கொடுத்து அனுப்பினார்கள்.

ஆகஸ்ட் 14, புதன்

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். ஜூனுக்குப் பிறகு அவளாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. காலையில் கிரெஸ்டன் வந்தாராம், காருக்குப் பின்னால் வண்டியைக் கட்டிக்கொண்டு, ஏணியோடு. மணி அடிக்கவில்லையாம். அவளாகச் சத்தம் கேட்டு வெளியே போயிருக்கிறாள்.

"ஏணியைப் பிடிச்சுக்கிட்டேன். வளைவுல இருந்து ஒவ்வொரு ஆணியாப் பிடுங்கி என் கையில கொடுத்தார். உள்ள வாங்க, காப்பி போடறேன்னேன். வேண்டாம்னுட்டார்."

"அப்புறம்?"

"காஞ்ச கிளையெல்லாம் வண்டியில ஏத்தினார். நான் வாசலைக் கூட்டிட்டிருந்தேன். கார்ல ஏறி உட்கார்ந்துட்டு, 'உன் தங்கச்சிக்கு வேலை கிடைச்சுதா?'ன்னார்."

"நீ என்ன சொன்னே?"

"இன்னும் இல்லைன்னேன்."

"அதுக்கு?"

"'எனக்கும்தான்'னு சொல்லிட்டுப் போயிட்டார்."